ஊரார் காசில் ஆடும் சூதாட்டம்

கடையொன்றை இன்னொருவர் பொறுப்பில் விடும்போது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சம்பளத்தைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவார்கள். நட்டம் வந்தால் யார் தலையில் என்பதே முதல் பேச்சாக இருக்கும். அது ஏன் என்று பார்ப்போம்.

"இலாபத்தில் உனக்குப் பாதி, நட்டம் வந்தால் முழுவதும் எனக்கு" என்று சொல்லி ஒரு புடவைக்கடையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி நெருங்குகிறது. தோட்டங்களில் முற்பணம் கொடுப்பார்கள், வியாபாரம் நடக்கும். நானாக இருந்தால் புறக்கோட்டையில் ஐந்து இலட்சத்துக்குச் சரக்கு எடுப்பேன். அவர் இருபது இலட்சத்துக்குக் கடனில் எடுப்பார். விற்றுத் தீர்ந்தால் அவருக்குப் பெரிய பங்கு. விற்காமல் நின்றால் கடன்காரன் என் வாசலுக்குத்தான் வருவான். அவர் திருடர் அல்ல, கணக்கில் ஒரு சதமும் பிசகாது. ஆனாலும் முதலாளி அழிந்து போவார்.

இந்தச் சின்னக் கணக்கு விளங்கினால், நமது நாட்டில் வங்கிகளுக்கும் கூட்டுத்தாபனங்களுக்கும் திறைசேரிக்கும் நடந்தவை பாதி விளங்கிவிடும். பெரிய நட்டம் ஒன்று வெளியே வந்ததும் "யார் தின்றது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தின்றவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாரும் தின்னாமலே கோடிக்கணக்கில் போன சந்தர்ப்பங்களும் உண்டு. தீர்மானம் எடுத்தவர் ஒருவராகவும் காசுக்குச் சொந்தக்காரர் வேறொருவராகவும் இருந்ததே அங்கு காரணம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மா சொல்லி வைக்கவில்லை.

இதற்கு நமது மலைநாடே பழைய சாட்சி. இன்று தேயிலை நிற்கும் இந்த மலைகளில் ஒரு காலத்தில் கோப்பிதான் நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் காடு வெட்டிக் கோப்பி போடுவதற்குக் கடன் கொடுத்தவற்றுள் பெரியது ஓரியண்டல் பேங்க் கோர்ப்பரேஷன் என்ற வங்கி. அதன் தலைமையகம் லண்டனில் இருந்தது. இலங்கையில் அன்று புழங்கிய காசுத்தாள்களில் பெரும்பகுதி அந்த வங்கி வெளியிட்டவைதான். அக்காலத்தில் தாள் அடிப்பது அரசாங்கத்தின் வேலையாக இருக்கவில்லை.

1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டது. இலையின் அடியில் மஞ்சள் தூள் படியும், பிறகு இலை கொட்டிவிடும். சில ஆண்டுகளில் அது மலைநாடு முழுவதும் பரவியது. இந்த நேரத்தில் கடன் கொடுத்தவர் என்ன செய்ய வேண்டும்? கையைச் சுருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டுகளில் உலகச் சந்தையில் கோப்பி விலை நன்றாக இருந்தது. விளைச்சல் குறைந்ததை விலை மூடி மறைத்தது. புதிய காடுகள் வெட்டப்பட்டன, தோட்டங்களை ஈடு வைத்துக்கொண்டு வங்கியும் பணம் கொடுத்தது. பிறகு பிரேசில் கோப்பி சந்தையில் குவிய, விலையும் விழுந்தது. வங்கியின் கையில் மிஞ்சியவை கோப்பி காய்க்காத மலைகள். மொரீஷியஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் அதன் பணம் இதே மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது.

1884 மே மாதம் 3ஆம் திகதி வங்கி கதவை மூடியது. அந்த வங்கியின் தாளைப் பெட்டியில் வைத்திருந்த செட்டிமாருக்கும் கடைக்காரருக்கும் அது வெறும் கடதாசியாகிவிடும் நிலை. கோப்பி இலையில் என்ன நோய், லண்டனில் யார் பணிப்பாளர் என்பதெல்லாம் அவர்களுக்கு எங்கே தெரியும்? அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அதனால் வியாபாரம் தப்பியது. அதே ஆண்டில் சட்டம் இயற்றி, தாள் வெளியிடும் பொறுப்பை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. நாம் நாள்தோறும் எண்ணிக் கட்டும் அரசாங்கக் காசுத்தாள், ஒரு வங்கி அடுத்தவர் பணத்தில் கோப்பிச் சூதாடித் தோற்றதால் பிறந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1888இல், ஹட்டனிலேயே இரண்டு துரைமார் சேர்ந்து ஒரு சிறிய வங்கி தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ஹட்டன் நஷனல் வங்கியாக வளர்ந்தது.

இப்போது நமது காலத்துக்கு வருவோம். 2007, 2008 ஆண்டுகளில் "ஹெஜிங்" என்ற சொல் பத்திரிகைகளில் நிறைந்திருந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது ஏதோ ஊழல் என்பதோடு பலர் விட்டுவிட்டார்கள். உண்மையில் அது என்ன ஒப்பந்தம் என்று நமது வியாபாரப் பாஷையில் சொல்கிறேன்.

நுவரெலியாவில் ஒருவர் ஹோட்டல் நடத்துகிறார். நாள்தோறும் உருளைக்கிழங்கு வேண்டும். கிழங்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. ஒரு தரகர் வந்து சொல்கிறார்: "கிலோ 112 ரூபா என்று ஒரு கோடு போடுவோம். அதற்கு மேலே போனால் வித்தியாசத்தை நான் தருகிறேன், ஆனால் கிலோவுக்குப் பத்து ரூபாவுக்கு மேல் தரமாட்டேன். கீழே இறங்கினால் வித்தியாசத்தை நீங்கள் எனக்குத் தர வேண்டும், எவ்வளவு இறங்கினாலும் சரி." விலை ஏறும் என்றே நினைத்துக்கொண்டிருக்கும் ஹோட்டல்காரருக்கு இது நல்ல பேச்சாகத் தெரியும். முன்பணமும் கேட்கவில்லையே! ஆனால் அனுபவமுள்ள வியாபாரி உடனே கேட்பார்: "உன் பக்கத்துக்கு எல்லை வைத்திருக்கிறாய், என் பக்கத்துக்கு எல்லை எங்கே?"

இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் ஏறக்குறைய இந்த வகைதான். எண்ணெய் விலை ஏற்றத்திலிருந்து தப்ப இப்படி ஒரு வழி உண்டு என்று மத்திய வங்கி ஆய்வு செய்து சொன்னது. 2007 ஜனவரியில் அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதி, மத்திய வங்கி ஆளுநர் அஜித் நிவாட் கப்ரால், பெற்றோலிய அமைச்சர் ஏ.எச்.எம். பௌஸி, கூட்டுத்தாபனத் தலைவர் முன்னாள் கிரிக்கெட் வீரர் அசந்த டி மெல். அமைச்சர் நமது சமூகத்தவர் என்பதற்காக இந்தப் பக்கத்தில் கணக்கை மாற்றி எழுத முடியாது. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், சிட்டி வங்கி, டொயிச்சே வங்கி ஆகிய வெளிநாட்டு வங்கிகளோடும் உள்நாட்டு வங்கிகள் இரண்டோடும் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஆரம்பத்தில் கூட்டுத்தாபனத்துக்கு வரவும் வந்தது. சூதாட்டத்தில் முதல் கை எப்போதும் அப்படித்தானே.

இவற்றில் ஒன்றை மட்டும் விரித்துப் பார்ப்போம். டொயிச்சே வங்கியோடு ஒப்பந்தம் நடந்தது 2008 ஜூலை 8ஆம் திகதி. ஓராண்டு காலம், மாதம் ஒரு இலட்சம் பீப்பாய், கோடு பீப்பாய்க்கு 112 டொலர் 50 சதம். விலை அதற்கு மேல் போனால் வங்கி பீப்பாய்க்கு அதிகபட்சம் 10 டொலர் தரும். வங்கி கொடுத்த மொத்தம் 25 இலட்சம் டொலரைத் தொட்டதும் ஒப்பந்தம் முடிந்துவிடும். விலை கீழே போனால் கூட்டுத்தாபனம் முழு வித்தியாசத்தையும் கொடுக்க வேண்டும்.

ஒப்பந்தம் நடந்து மூன்றாம் நாள், ஜூலை 11ஆம் திகதி, உலகச் சந்தையில் எண்ணெய் 147 டொலரைத் தொட்டது. அதுதான் உச்சம். அமெரிக்காவில் வங்கிகள் விழத் தொடங்கியதும் எண்ணெயும் விழுந்தது. டிசம்பரில் 40 டொலருக்கும் கீழே வந்துவிட்டது. விலை 40 என்றால் பீப்பாய்க்கு 72 டொலர் 50 சதம் வித்தியாசம், ஒரு மாதத்துக்கு 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். முழு ஆண்டுக்கும் வங்கி இழக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 25 இலட்சம். கூட்டுத்தாபனம் ஒரே மாதத்தில் அதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இழக்க வேண்டியிருந்தது. இந்த ஒப்பந்தத்தில் வங்கி உண்மையில் கொடுத்தது ஏறக்குறைய 35 ஆயிரம் டொலர்தான்.

"எண்ணெய் விலை இறங்கினால் வாங்குபவருக்கு நல்லதுதானே, இதில் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. விலை இறங்கிய நன்மையை வாகனம் ஓட்டுபவரும் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டுபவரும் அனுபவிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு இலட்சம் பீப்பாய்க்கு அந்த நன்மை முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது. உலகம் 40 டொலருக்கு வாங்கும்போது நாம் 112 டொலர் 50 சதத்துக்கு வாங்கியதாகத்தான் கணக்கு முடியும். மேலே போனால் பத்து டொலர்தான் பாதுகாப்பு, கீழே வந்தால் பாதுகாப்பே இல்லை. மழைக்குக் குடை வாங்கப் போய், வெயிலடிக்கும் நாளெல்லாம் குடைக்காரனுக்கு வாடகை கட்டுவதாக எழுதிக்கொடுத்த கதை.

2008 நவம்பரில் உயர் நீதிமன்றம் பணம் கட்டுவதை இடைநிறுத்தியது. 2009 ஜனவரியில் அந்தத் தடை நீக்கப்பட்டது, ஆனால் மத்திய வங்கியும் பணம் கொடுக்க வேண்டாமென்று அறிவித்திருந்தது. விஷயம் வெளிநாடுகளுக்குப் போனது. 2011இல் லண்டன் நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்குச் சார்பாக 16 கோடி டொலர் அளவுக்குத் தீர்ப்புக் கொடுத்தது, பின்னர் அதைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சிட்டி வங்கியின் கோரிக்கையை நடுவர் மன்றம் அதே ஆண்டில் தள்ளிவிட்டது. அது ஒன்றுதான் ஆறுதல். டொயிச்சே வங்கிக்கு 6 கோடி டொலரும் வட்டியும் கொடுக்கும்படி உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையத்தின் நடுவர் மன்றம் 2012 அக்டோபரில் பெரும்பான்மையாகத் தீர்த்தது. சட்டத்தரணிமாருக்குப் போனது தனி.

இதில் கையெழுத்திட்டவர்களில் யாருடைய வீடாவது ஏலத்துக்கு வந்ததா? விலை 200 டொலருக்கு ஏறியிருந்தால் "எவ்வளவு தூரநோக்கு!" என்று மாலை போட்டிருப்பார்கள். விழுந்ததால் பெற்றோல் வாங்கியவர்களும் வரி கட்டியவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் புடவைக்கடை மனேஜரின் ஒப்பந்தம்தான் இதுவும், தொகை மட்டும் பெரிது.

அதே டிசம்பரில்தான் கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனியும் விழுந்தது. இதை வியாபாரிகள் மறக்கக்கூடாது, ஏனென்றால் இங்கே போனது நேரடியாகச் சேமிப்புக் காசு. லலித் கொத்தலாவல தலைமையிலிருந்த செலிங்கோ குழுமத்தைச் சேர்ந்த இந்தக் கம்பனிக்கு, பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்க மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை. கடன் அட்டைக் கணக்கில் இருக்கும் மீதி என்ற பெயரில் வாங்கினார்கள். வங்கிகளைவிடக் கூடுதல் வட்டி கொடுத்தார்கள். 9 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் சுமார் 2,600 கோடி ரூபா சிக்கியது. படித்தவர்கள், வைத்தியர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். குழுமத்தின் பெயரை நம்பித்தான் போட்டார்கள். அந்தப் பயத்தில் அதே பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட செலான் வங்கியின் கிளைகளிலும் மக்கள் பணம் எடுக்க வரிசையில் நின்றார்கள். 2008 டிசம்பர் 29ஆம் திகதி மத்திய வங்கி தலையிட்டு செலான் வங்கியின் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. அதனால் அந்த வங்கி பிழைத்தது.

அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. த பினான்ஸ் கம்பனி 1940இல் தொடங்கிய பழைய நிறுவனம், முறையான அனுமதிப்பத்திரம் பெற்றது. 2020 மே மாதம் அதை மத்திய வங்கி இரத்துச் செய்தது. இ.டி.ஐ. நிறுவனத்துக்கும் அதே ஆண்டு ஜூலையில் அதுவே நடந்தது. வைப்புக் காப்புறுதித் திட்டம் 2010இல் தொடங்கியது. 2020இல் அதன் எல்லை ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா. 2021 ஏப்ரலிலிருந்து 11 இலட்சமாக உயர்த்தினார்கள். ஒரே நிறுவனத்தில் அதற்கு மேல் வைத்திருப்பவர், மேலதிகமான தொகையைப் பொறுத்தவரை வெறும் கடன் கொடுத்தவர்தான். கடையில் கடன் கொடுக்குமுன் ஆளை எப்படி விசாரிக்கிறோமோ, அந்த அளவுக்காவது நிறுவனத்தை விசாரிக்க வேண்டாமா? முக்கியமாக ஒன்றைக் கேட்க வேண்டும்: என் காசை யாருக்குக் கடன் கொடுக்கிறீர்கள்? தன் குழுமத்தின் வீடமைப்புக் கம்பனிக்கும் தன் குழுமத்தின் ஹோட்டலுக்கும் என்று பதில் வந்தால், அங்கே காசு வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். வருடாந்த அறிக்கையின் பின்பக்கங்களில் "தொடர்புடைய தரப்பினர்" என்ற தலைப்பில் இது இருக்கும். முன்பக்கத்து வர்ணப் படங்களைப் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்கள்தான் அதிகம்.

வைப்பாளர் தன் காசைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். கேட்கவும் முடியாமல், மறுக்கவும் முடியாமல் காசு பிடிக்கப்படுகிறவர்கள் நமது கடைக்கு வந்து போகிறவர்களில்தான் இருக்கிறார்கள். பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் தலவாக்கலையிலும் கொழுந்து பறிப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தொழிலாளியிடம் 8 வீதம், கம்பனியிடம் 12 வீதம். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தில் 80 ரூபா தொழிலாளியின் கையிலிருந்து போகிறது, 120 ரூபா கம்பனி போட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். தோட்டத்தில் ஒருவருடைய ஈ.பி.எப். காசு வந்தால் கடைத்தெருவுக்கே தெரியும். மகளுக்கு நகை, கூரைத் தகரம், மகனுக்கு ஓட்டோவுக்கு முற்பணம், கடையில் நின்ற பழைய பாக்கி என்று அந்தக் காசு ஊருக்குள் சுற்றும். எனது கொப்பியிலும் அப்படி "ஈ.பி.எப். வந்தால் தருவார்" என்று மனதில் வைத்திருக்கும் பெயர்கள் உண்டு. ஆகவே அந்த நிதியை யார் எப்படிக் கையாள்கிறார் என்பது தொழிற்சங்கத்தின் விஷயம் மட்டுமல்ல, நமது விஷயமும்தான்.

முதல் ஓட்டை தோட்டத்திலேயே இருக்கிறது. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரசாங்கத்துக்குச் சொந்தமான நிறுவனங்களே பல ஆண்டுகளாக இந்தப் பணத்தை நிதிக்குக் கட்டாமல் பாக்கி வைத்திருந்தன. சம்பளச் சீட்டில் பிடித்தாகிவிட்டது, நிதிக்குப் போய்ச் சேரவில்லை. பிடித்த காசு பிடித்தவருடையது அல்ல, அது அமானிதம். அதை எடுத்து வேறு செலவு பார்ப்பதற்குக் கடைத்தெருவில் வேறு பெயர் சொல்வார்கள்.

இரண்டாவது, கொழும்பில். நிதிக்குப் போய்ச் சேர்ந்த பணத்தை முதலீடு செய்யும் அதிகாரம் சட்டப்படி மத்திய வங்கியின் கையில் இருந்தது. யுத்தம் முடிந்தபின் பங்குச் சந்தை வேகமாக ஏறியது, 2010 ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அந்தக் காலத்தில் இந்த நிதியும் பங்குகள் வாங்கியது. விலை உச்சத்தில் இருந்தபோது வாங்கிய சில பங்குகள் பின்னர் விழுந்தன. பாராளுமன்றத்தின் கோப் குழுவிலும் இது பேசப்பட்டது. அதே மத்திய வங்கி 2011இல் கிரேக்க நாட்டின் கடன்பத்திரங்களையும் வாங்கியது. கிரேக்கம் தள்ளாடுகிறது என்று உலகமே பேசிக்கொண்டிருந்த வேளை அது. அடுத்த ஆண்டு மார்ச்சில் கிரேக்கம் கடனைக் குறைத்துக் கொடுத்தது, நட்டம் வந்தது. அது நாட்டின் வெளிநாட்டு ஒதுக்கிலிருந்து போன பணம்.

பிறகு ஆட்சி மாறியது, விளையாட்டு மாறவில்லை. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 30 வருடப் பிணைமுறிகளை ஏலம் விட்டது. கேட்டது 100 கோடி ரூபா, ஏற்றுக்கொண்டது 1,000 கோடிக்கும் மேல். பெரும் பங்கு பெற்றது பெர்பெச்சுவல் ட்ரெஷரீஸ் கம்பனி. அப்போதைய ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனுடைய குடும்பக் கம்பனி அது. விளைவு என்னவென்று நமது முறையில் சொன்னால், சந்தையில் குறைந்த விலைக்கு வாங்கிய சரக்கு சில கைகள் மாறி, கூடிய விலைக்கு சேமலாப நிதியின் களஞ்சியத்துக்குப் போனது. நிதி நேரே ஏலத்தில் வாங்கியிருக்கலாமே என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2017 இறுதியில் கையளிக்கப்பட்டது. பிணைமுறி வியாபாரத்தில் அந்தக் கம்பனி 1,100 கோடி ரூபாவுக்கு மேல் இலாபம் அடைந்ததாகவும், சேமலாப நிதி உட்பட அரச நிறுவனங்களுக்கு 850 கோடிக்கு மேல் நட்டம் ஏற்பட்டதாகவும் அதை வைத்து ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2018 ஜனவரியில் நாட்டுக்கு அறிவித்தார்.

மூன்றாவது அடி எல்லாவற்றையும்விடப் பெரியது. அது ஒரு கம்பனியால் வந்ததல்ல, நாடே தோற்றதால் வந்தது.

2019 இறுதியில் வந்த அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. ஆண்டுக்கு 1 கோடி 20 இலட்சம் ரூபா விற்பனை இருந்தால் பதிய வேண்டும் என்றிருந்ததை 30 கோடியாக உயர்த்தியது. வியாபாரிகள் பலருக்கு அது கசக்கவில்லை. ஆனால் கல்லாவில் வரவைக் குறைத்துவிட்டுச் செலவைக் குறைக்காத கடை எத்தனை நாள் ஓடும்? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் நீக்கினார்கள், அதற்குள் பட்டது போதும். தேயிலைச் செடிக்கு உரம் போடாமல் விட்டால் அன்றே தெரியாது, பிறகுதான் காட்டும். 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. உரமில்லாத மலையில் கொழுந்து குறைந்தால் கிலோக் கணக்குக் குறையும், சம்பளம் குறையும், கடையில் அரிசி வாங்குவது ஐந்து கிலோவிலிருந்து இரண்டு கிலோவாகும். அந்த மாதங்களில் விற்றுமுதல் எப்படி இருந்தது என்று ஹட்டன் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டொலர் கரைந்துகொண்டிருந்தது. மருந்துக்கும் பால்மாவுக்கும் டொலர் இல்லாத 2022 ஜனவரியில், 18ஆம் திகதி, 50 கோடி டொலர் வெளிநாட்டுக் கடன்பத்திரத்தை முழுதாக அடைத்தார்கள். கடன்காரர்களோடு பேசித் தவணை வாங்குங்கள் என்று பொருளியலாளர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி, இனி வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டுக்குச் சேமலாப நிதி அங்கத்தவருக்குப் போட்ட வட்டி 9 வீதம். நூறு ரூபாச் சாமான் நூற்றெழுபதானபோது, சேமிப்பு நூற்றொன்பதானது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாக ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ, ஆளுநர்களாக இருந்த கப்ரால், லக்ஷ்மன், செயலாளர்களாக இருந்த பி.பி. ஜயசுந்தர, ஆட்டிகல உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று அது சொன்னது. இலங்கையில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. மனுப்போட்டவர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபா கொடுக்கச் சொன்னார்கள். கொழுந்துக்கூடை சுமப்பவருக்கு நட்டஈடு என்று ஒன்றும் அதில் இல்லை.

அவருக்கு வந்தது வேறு. அதே 2023 ஜூலையில் பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் சீரமைப்பை நிறைவேற்றியது. திறைசேரிப் பிணைமுறிகளை வங்கிகளும் வைத்திருந்தன, சேமலாப நிதியும் வைத்திருந்தது. வங்கிகளைத் தொட்டால் வங்கிகள் விழும் என்று அவற்றை விட்டுவிட்டார்கள். அந்த நியாயம் விளங்குகிறது. 1884இல் தாள் வைத்திருந்தவர்களைக் காப்பாற்றாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மேலே பார்த்தோம். ஆனால் பாரம் எங்காவது இறங்க வேண்டுமே. பழைய பிணைமுறிகளைக் கொடுத்துவிட்டுப் புதியவற்றை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் உன் வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம் என்று சேமலாப நிதிக்குச் சொல்லப்பட்டது. புதியவற்றுக்கு முதல் சில ஆண்டுகள் 12 வீத வட்டி, பிறகு முடிவு வரை 9 வீதம். அதற்குச் சற்று முன்புதான் சந்தையில் அரசாங்கம் 20 வீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. குறைந்தது 9 வீதம் கிடைக்கும் என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். முதல் வெட்டப்படவில்லை என்பதும் உண்மை. ஆயினும், வேறிடத்தில் போடக் கையில் காசு இருந்தால் கிடைத்திருக்கும் வட்டியை அந்த நிதி விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்கிறாயா என்று அங்கத்தவர் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை.

அந்தப் புதிய பிணைமுறிகள் 2027 முதல் 2038 வரை ஆண்டுக்கு ஒன்றாக முடிகின்றன. 2023இல் 35 வயதாக இருந்த ஒரு பெண், கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து இறங்கித் தன் ஈ.பி.எப். காசை எடுக்கும் 50 வயதை அடைவதும் அந்த 2038இல்தான்.